கோதுமை ஆகாதவர்க்கு அன்றாட உணவு

உண்ணும் உணவே சிலருக்கு நோயாகிறது. அதே உணவை மாற்றிக் கொண்டால் அந்நோய் அடங்குகிறது. கோதுமை, பார்லி ஆகிய தானியங்களில் உள்ள ஒரு புரதம் ஒவ்வாமல் சிறுகுடல் பழுதடையும் 'சிலியாக்' நோய் இத்தகையது. இதனைத் தீர்க்க மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் கோதுமையை அறவே நீக்கிய உணவு ஒன்றே மருந்து. நெல்லும் கேழ்வரகும் சாமையும் விளைவிக்கும் நம் உழவர் குடும்பங்களுக்கு இம்மருந்து வீட்டுக் குதிரிலேயே இருக்கிறது. ஆயினும் களத்திலிருந்து தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதில் கோதுமை கலந்து விடாமல் காப்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது. அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் தன்மை

கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்து போய், இழுத்தால் நீளும் ஒரு பசை கையில் எஞ்சும். இதுவே 'குளூட்டன்' என்னும் பசைப்புரதம். பரோட்டா மாவு கிழியாமல் நீள்வதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனால்தான்.

நமது சிறுகுடலின் உட்புறத்தில் மெல்லிய விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் உள்ளன. செடியின் வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சுவது போல, இவை உணவிலிருந்து சத்தை உறிஞ்சுகின்றன. சிலியாக் நோய் உள்ளவர் குளூட்டன் கலந்த உணவை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகி விடுகின்றன. வேர்த்தூவி அழிந்த பயிருக்கு எவ்வளவு உரமிட்டாலும் பயன் இல்லாதது போல, இவர்கள் எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை.

இது தொற்று நோய் அன்று. பிறப்பிலேயே உடற்கூறில் அமைந்த தன்மை இதற்கு அடிப்படை. எனவே குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் பெற்றோர், உடன் பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.

கோதுமைதான் காரணம் என்று தெளிந்த வரலாறு பலருக்கும் வியப்பளிக்கும். நெதர்லாந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமையின் மீது ஐயம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில் ஊரெல்லாம் மெலிய, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி கிடைத்ததும் நோயும் திரும்பியது. இதனை அவர் ஆராய்ந்து 1950-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார்.

நம் பகுதியிலும் உண்டா?

இது வடநாட்டு நோய் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு அடிப்படையான உடற்கூறு இரு பகுதி மக்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவே. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராமும், தெற்கில் 25 கிராமும் உண்பதாக அவ்வாய்வு கூறுகிறது.

இன்று நம் கிராமங்களிலும் காலையில் பிஸ்கட், மாலையில் பரோட்டா, இரவில் சப்பாத்தி என்ற பழக்கம் பெருகி வருகிறது. மேலும், ஆயிரத்துக்கு ஒருவர் என்பது ஒரு மாவட்டத்தில் பல நூறு பேராகும். "இங்கு இந்நோய் வராது" என்று கருதிப் பரிசோதிக்காமல் விடுவதே இவர்கள் படும் துன்பத்திற்குப் பெருங்காரணம்.

அறிகுறிகள்

கீழ்க்கண்டவை நீண்ட நாள் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

1. அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், வெளுத்துப் பிசுபிசுப்பான மலம். சிலருக்கு மலச்சிக்கலும் உண்டு.
2. குழந்தை வயதுக்கேற்ற உயரமும் எடையும் பெறாமை, பூப்பு தாமதமாதல்.
3. இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை.
4. ஓயாத களைப்பு, எலும்பு வலி, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்.
5. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் அரிப்புடன் கூடிய சிறு கொப்புளங்கள்.

வயிற்றுத் தொல்லை சிறிதும் இன்றி, சோகையும் களைப்பும் மட்டுமே தோன்றுவதும் உண்டு. சிறு வயதில் வரும் சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பி நோய் ஆகியவை உள்ளவர்களிடம் இந்நோய் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது.

முதலில் இரத்தப் பரிசோதனையும், பின்னர் குடலுக்குள் குழாய் செலுத்திச் சிறு தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்யப்படும். பரிசோதனை முடியும் முன்னரே கோதுமையை நிறுத்தி விடக் கூடாது. நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லாதது போல் முடிவு வரக்கூடும்.

நோய் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுக் கோதுமையை விலக்க வேண்டிய தேவை இல்லை.

ஆகாத தானியங்களும் ஆகும் தானியங்களும்

ஆகாதவை: கோதுமை, சம்பா கோதுமை, பார்லி, ரை, கோதுமையும் ரையும் சேர்ந்த கலப்பினமான டிரிட்டிகேல். கோதுமையிலிருந்து வரும் மைதா, ரவை, சேமியா, கோதுமைக் குருணை, தவிடு ஆகிய அனைத்தும் ஆகா. ஓட்ஸ் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். எனினும் கடைகளில் கிடைக்கும் ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது இயல்பு. எனவே மருத்துவரைக் கேளாமல் உண்ணக் கூடாது.

ஆகும் தானியங்கள்: நெல்லரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு. இவற்றுடன் எல்லாப் பருப்பு வகைகளும், மரவள்ளி, அதிலிருந்து செய்யும் சவ்வரிசி, உருளை, சேனை, வாழை, தேங்காய், நிலக்கடலை, எள், காய், கீரை, பழம், பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகிய அனைத்தும் ஆகும்.

சத்தைப் பொறுத்தவரை கோதுமையை இழப்பதால் குறை ஏதும் இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. இந்நோயில் எலும்பு வலுவிழப்பதால் கேழ்வரகு மிகவும் ஏற்றது. கம்பு இரும்புச்சத்து மிக்கது. தீட்டிய வெள்ளரிசியை மட்டும் மூன்று வேளையும் உண்பது போதாது. சிறுதானியமும் பருப்பும் கீரையும் நாள்தோறும் சேர வேண்டும்.

சிறிதளவு போதாதா?

"கொஞ்சம் தின்றால் என்ன?" என்று உறவினர் வற்புறுத்துவது வழக்கம். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் குளூட்டன் உள்ளது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் உட்கொண்டாலே சில மாதங்களில் குடல் பழுதடைவது ஆய்வில் தெரிந்துள்ளது. அதாவது ஒரு சப்பாத்தியை ஐம்பது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டே கெடுதல் செய்யப் போதுமானது. உண்டவுடன் வயிறு வலிக்காமல் இருக்கலாம். குடல் உள்ளே தேய்ந்து கொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் கோதுமை

பரோட்டா, பூரி, உப்புமா, கேசரி ஆகியவற்றில் கோதுமை இருப்பது யாவரும் அறிந்ததே. கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இடங்களே ஆபத்தானவை.

பெருங்காயம்: நம் சமையலில் இதுவே முதன்மையானது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் காயப்பிசினுடன் மைதா அல்லது கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். இதனால் சாம்பார், இரசம், ஊறுகாய், அப்பளம், நீர்மோர் என யாவற்றிலும் கோதுமை புகுந்து விடுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. சீட்டைப் படித்து வாங்குதல் வேண்டும்; இல்லையேல் பூண்டும் சீரகமும் கொண்டு தாளித்துக் கொள்ளலாம்.

ஊட்டச்சத்து பானங்கள்: 'மால்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் அது பார்லி முளைமாவே. முளைகட்டிய கேழ்வரகு மாவைக் காய்ச்சிக் கொடுப்பது இதற்கு ஈடானது.

கேழ்வரகுச் சேமியா, சிறுதானிய பிஸ்கட்: பெயரில் மட்டும் சிறுதானியம் இருக்கும், மைதா பெரும்பங்கு இருப்பது உண்டு.

சத்துமாவு: கடைச் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்க்கின்றனர். அங்கன்வாடியில் வழங்கும் இணை உணவு மாவிலும் கோதுமை உண்டு. கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து வீட்டிலேயே தயாரித்தல் நலம்.

பலகாரங்கள்: அதிரசம், முறுக்கு, கொழுக்கட்டை ஆகியவை அரிசி மாவில் ஆனவை. ஜாங்கிரி உளுந்தில் ஆனது. லட்டும் மைசூர்பாகும் கடலை மாவில் ஆனவை. இவற்றை வீட்டில் செய்தால் தடையின்றி உண்ணலாம். பாதுஷா, குலாப் ஜாமூன், ஜிலேபி, கோதுமை அல்வா ஆகியவை கூடா. கடைப் பஜ்ஜி மாவில் மைதா சேர்வதும், சமோசா பொரித்த எண்ணெயிலேயே பஜ்ஜியும் பொரிப்பதும் உண்டு.

சில மாத்திரைகளிலும் கோதுமை மாவுச்சத்து சேர்வது உண்டு. மருந்து வாங்கும்போது நோயைக் கூறிக் கேட்டறிய வேண்டும்.

கலப்பு எங்கே நேர்கிறது?

கோதுமை விளையும் வட மாநிலங்களில் வயலிலும் அறுவடை எந்திரத்திலுமே தானியங்கள் கலந்து விடக்கூடும். நம் சமவெளி வயல்களில் கோதுமை இல்லை. எனவே நம் களத்தில் அடித்துத் தூற்றிய சாமையும் கேழ்வரகும் கோதுமைக் கலப்பு அற்றவை எனலாம். கலப்பு நேர்வது அதற்குப் பின்னர்தான்: பழைய சாக்கிலும் கடையிலும் மாவு மில்லிலும் வீட்டு அடுப்படியிலும். ஆகவே சொந்தமாகச் சிறுதானியம் விளைவிப்பவர் கீழ்க்கண்ட முறைகளைக் கைக்கொள்ளலாம்.

1. வீட்டில் நோயுற்றவர் இருப்பின் அவருக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் தானியத்தைக் களத்திலேயே தனியே ஒதுக்குதல் வேண்டும்.
2. கோதுமையோ கோதுமைத் தவிடோ வந்த சாக்கை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. புதிய சாக்கு அல்லது மூடியுள்ள தகர டின் ஏற்றது.
3. கடையில் வாங்கிய கேழ்வரகு, சாமை, தினை போன்ற சிறுமணிகளைச் சல்லடையில் சலித்தால் பருத்த கோதுமை மணிகள் மேலே தங்கி விடும். பின்னர் நீரில் நன்கு களைந்து உலர்த்தி அரைக்க வேண்டும்.
4. மாவாக வாங்குவதைத் தவிர்த்து, முழுத் தானியமாக வாங்குதல் நலம். மாவில் கலந்ததைக் கண்ணால் காண இயலாது.

மாவு மில்லில் கவனம்

ஊர் மில்லில் ஒரே எந்திரத்தில் கோதுமையும் கேழ்வரகும் அடுத்தடுத்து அரைபடுகின்றன. எந்திரத்தில் தங்கிய கோதுமை மாவு அடுத்து வரும் மாவுடன் சேர்கிறது. கோதுமை போடாத தனி எந்திரம் உள்ள மில்லைத் தேர்ந்தெடுப்பதே முறை. அது இயலாவிடில், எந்திரத்தைத் துடைத்த பின் காலையில் முதல் ஆளாகச் சென்று, முதலில் இரண்டு கிலோ அரிசியை அரைத்து அம்மாவை மாட்டுக்கு ஒதுக்கி விட்டுப் பின்னர் அரைக்கலாம். இதனால் கலப்பு குறையுமேயன்றி முற்றிலும் நீங்காது. எனவே நோயுற்றவருக்கு வேண்டிய மாவை வீட்டு மிக்சியிலோ திருகையிலோ அரைத்துக் கொள்வதே மிகவும் பாதுகாப்பானது.

அடுப்படியில் கவனம்

வீட்டில் மற்றவர்கள் கோதுமை உண்பதற்குத் தடை இல்லை. ஆயினும் மாவுச் சல்லடை, பூரிக்கட்டை, மரக்கரண்டி, தோசைக்கல் ஆகிய நான்கும் நோயுற்றவருக்குத் தனியே இருத்தல் வேண்டும். அவர் உணவை முதலில் சமைத்து மூடி வைத்த பின்னரே கோதுமை மாவை வெளியே எடுக்க வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் அவருக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது. அரிசி அள்ளும் படியைக் கோதுமை மாவில் இடக் கூடாது. இவையெல்லாம் ஒருவர் வீட்டில் நடந்தால் போதாது. சமைக்கும் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாட்டுத் தீவனமும் நோயாளியும்

கறவை மாட்டுக்குக் கோதுமைத் தவிடு வைக்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. தவிடு தின்ற மாட்டின் பாலில் குளூட்டன் வராது. அப்பாலை அச்சமின்றி அருந்தலாம். ஆனால் தவிட்டைக் கொட்டிக் கலக்கும்போது எழும் தூசி வாய்க்குள் சென்று விழுங்கப்படும். ஆகவே நோயுற்றவர் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று. தாமே செய்ய நேர்ந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொண்டு, முடித்தவுடன் கை, முகம் கழுவ வேண்டும். நெல் தவிட்டுக்கு மாறி விடுவது இன்னும் எளிது. கோதுமையைக் கையால் தொடுவதால் மட்டும் நோய் வராது.

ஒரு நாள் உணவு

காலை: இட்லி அல்லது வரகரிசி இட்லி, தேங்காய்ச் சட்னி. வரகரிசி 3 பங்கு, உளுந்து 1 பங்கு, சிறிது வெந்தயம் சேர்த்து வழக்கம் போல் ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைக்கலாம்.

முற்பகல்: கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம்.

நண்பகல்: சோறு அல்லது சாமைச் சோறு, பருப்புக் குழம்பு, கீரை, தயிர்.

மாலை: வேகவைத்த நிலக்கடலை அல்லது சுண்டல், வாழைப்பழம்.

இரவு: சோள ரொட்டி அல்லது இடியாப்பம், காய்க் குருமா, முட்டை.

சோள மாவில் பசைப்புரதம் இல்லாததால் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி விண்டு போகும். கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் நன்கு பிசைந்து, வாழையிலையில் வைத்துத் தட்டிச் சுட்டால் உடையாது. வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்தால் மேலும் மென்மையாக வரும். ரவைக்குப் பதில் அரிசி நொய், சேமியாவுக்குப் பதில் இடியாப்பம் என்று பழகிக் கொண்டால் வீட்டில் அனைவரும் ஒரே உணவை உண்ணலாம். நோயாளிக்கென்று தனிச் சமையல் என்ற மனக்குறையும் எழாது.

நோய் புதிதாகத் தெரிந்த சில மாதங்களுக்குச் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். குடல் ஆறியதும் இது பெரும்பாலும் சரியாகி விடும். அதுவரை தயிரும் மோரும் கொடுத்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வெளியே

பள்ளி: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உணவுகளும் இடம் பெறுகின்றன. மருத்துவர் சான்றுடன் தலைமையாசிரியரைச் சந்தித்து, பொங்கல், அரிசி உப்புமா போன்றவற்றிலும் எந்தப் பெருங்காயம் சேர்கிறது என்று கேட்டறிய வேண்டும். ஐயம் இருப்பின் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புதல் நன்று. பிறந்தநாளில் பிற பிள்ளைகள் தரும் கேக்கையும் பிஸ்கட்டையும் வாங்கித் தின்னாமல் இருக்க, குழந்தைக்கே காரணத்தைச் சொல்லிப் பழக்க வேண்டும். பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருந்தால் ஏக்கம் குறையும்.

நியாய விலைக் கடை: அரிசிக்கு மாற்றாகக் கோதுமை வாங்குவதைத் தவிர்க்கலாம்.

விருந்து: வெறுஞ்சோறு, தயிர், வாழைப்பழம், தேங்காய், வேகவைத்த முட்டை ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. சாம்பாரும் கூட்டும் பெருங்காயம் பற்றித் தெரிந்த பின்னரே. வீட்டில் உண்டு விட்டுச் செல்வது மரியாதைக் குறைவு அன்று என்பதை உறவினர்க்கு முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு இந்நோய் இருந்தால் மறைத்துத் திருமணம் செய்வது பெருந்தவறு. புகுந்த வீட்டில் கோதுமையை மறுக்கவும் முடியாமல், உண்ணவும் முடியாமல் அவள் உடல் கெடும். முறையான உணவு உண்பவர் மற்றவரைப் போலவே உழைக்கலாம், பிள்ளை பெறலாம்.

தேறும் காலம்

உணவை மாற்றிய சில வாரங்களில் வயிற்றுத் தொல்லை குறையத் தொடங்கும். குழந்தைகள் மாதக் கணக்கில் எடை கூடி, பின்னர் உயரமும் பெறுவர். குடல் முழுவதும் ஆறச் சிலருக்கு இரண்டாண்டுகள் வரையும் ஆகலாம். நலமாகி விட்டது என்று எண்ணி மீண்டும் கோதுமை உண்டால் நோய் திரும்பும். மருத்துவர் கூறும் காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்படின் இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை அவர் கூறும் அளவில் உண்ண வேண்டும்.

சிறுதானியம் விற்போர் கவனத்திற்கு

சிறுதானிய மாவைப் பொட்டலமிட்டு விற்கும் உழவர் குழுக்கள் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட விரும்புவது இயற்கை. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே அவ்வாறு குறிப்பிடலாம். ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அச்சிடுதல் வேண்டும். கோதுமை அரைக்கும் எந்திரத்தில் சிறுதானியத்தை அரைத்துவிட்டு அச்சொல்லை இட்டு விற்றால், அதனை நம்பி வாங்கும் தாய் தன் குழந்தைக்கு நோயையே ஊட்டுவாள். தனிக் களம், புதிய சாக்கு, தனி எந்திரம் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் நம் தானியத்திற்கு நல்ல விலையும் நம்பிக்கையும் ஒருங்கே கிட்டும்.

தீராத சோகையும் வளராத உடலும் கொண்ட குழந்தை உங்கள் ஊரில் இருப்பின், அக்குழந்தையின் பெற்றோரிடம் இந்நோயைப் பற்றிக் கூறி மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள். நோய் உறுதியானால், கலப்பற்ற ஒரு மூட்டை கேழ்வரகை அவ்வீட்டுக்குத் தனியே எடுத்து வைத்துக் கொடுங்கள்.